தவறான விடையின் அறம்

நெல்லை அளக்க மரக்கால் உண்டு. துணியை அளக்க முழக்கோல் உண்டு. பொன்னை நிறுக்கத் துலாக்கோலும், அதன் மாற்றறிய உரைகல்லும் உண்டு. ஒரு மனிதனின் தொழில்திறனை அளக்க நம்மிடம் உள்ள கருவி யாது? இவ்வினா புதியது அன்று. திருவள்ளுவர் பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதனை அடுத்துத் ‘தெரிந்து வினையாடல்’ என்று மற்றோர் அதிகாரம் வகுத்தார். ஒருவனை ஆராய்ந்து நம்புவது ஒன்று. ஆராய்ந்து அவனுக்கு ஏற்ற பணியை ஒப்படைப்பது மற்றொன்று. இரண்டுக்கும் முன்னால் நிற்பது ஆராய்தல் என்னும் செயலே. அந்த ஆராய்ச்சி கோணினால், அதன்மேல் எழும் நம்பிக்கையும் கோணும், பணியும் கோணும்.

இன்று அந்த ஆராய்ச்சியின் பெரும்பகுதியை ஒரு சிறிய கருவி செய்கிறது. ஒரு வினா, அதன் கீழே நான்கு விடைகள், சரியானதைக் குறித்திடுக என்னும் கட்டளை. இதனைக் கொள்குறி வினா என்கிறோம். இதனை அமைப்பது கல்வித்துறையாரின் நுட்ப வேலை என்று பலரும் கருதுகின்றனர். நுட்பம் வேண்டும் என்பது உண்மையே. எனினும், இதன் அடியில் கிடப்பது அறம் பற்றிய கேள்வி என்பது நம் கருத்து. அதனையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

தங்கவயல் கண்ட சோதனை

ஆண்டர்சன்பேட்டையில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டு ஆராய்ச்சி அன்று. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இம்மண்ணில் தொடங்கிய பணி, 1956-இல் மைசூர் அரசின் கைக்கு வந்தது. 1962-இல் மத்திய அரசிடம் சென்றது. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஆயிற்று. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் நின்றது. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் சென்றது. அந்த ஆழத்தில் திறமை என்பது ஊதியத்தை மட்டும் தருவது அன்று; உயிரைக் காப்பதும் அதுவே.

கூரைப் பாறையைக் கம்பியால் தட்டி, அதன் ஒலியைக் கேட்டு, பாறை உறுதியாக உள்ளதா, பிளந்து தொங்குகிறதா என்று அறிவது ஒரு திறமை. கணீரென்று ஒலித்தால் உறுதி. உள்ளீடற்ற பானையைப் போல் ஒலித்தால் ஆபத்து. மேலே எந்திர அறையில் அமர்ந்து, கண்ணுக்குப் புலப்படாத ஆழத்தில் உள்ள கூண்டினை, மணியோசை ஒன்றையே துணையாகக் கொண்டு ஏற்றி இறக்குவது மற்றொரு திறமை. வெடிமருந்து இட்டுப் பாறையைத் தகர்ப்பது இன்னொரு திறமை. இவற்றைத் தந்தையிடம் மகனும், மேஸ்திரியிடம் கையாளும் கற்றனர்.

இத்திறமையைச் சோதித்தவர் யார்? 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள், சுரங்க மேட், வெடிவைப்பவர் முதலியோர்க்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்று விதித்தன. சான்றிதழுக்கு அப்பால், எந்த வேலைக்கு எவனை அனுப்புவது என்பதைப் பெரும்பாலும் மேற்பார்ப்பவரின் கண்ணே முடிவு செய்தது. அக்கண்ணுக்கு ஒரு பெருஞ்சிறப்பு உண்டு. அது கை வேலை செய்வதை நேரே பார்த்தது. ஆனால், கையைப் பார்த்த கண் முகத்தையும் பார்த்தது. எந்த ஊரான், யாருடைய உறவினன், என்ன சாதி, எவ்வளவு பணிந்து நிற்கிறான் என்பவற்றையும் அது சேர்த்தே எடைபோட்டது. இது எங்கும் நிகழ்வது. நம் ஊர்க்கு மட்டும் உரிய குறை அன்று.

சுரங்கம் மூடிய பின் வளர்ந்த இளைஞர்கள் தொழிற்பயிற்சி நிலையங்களில் பிட்டர், எலெக்ட்ரீஷியன், வெல்டர் எனப் பயில்கின்றனர். மாரிக்குப்பத்தில் புறப்படும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அவர்களுடைய தொழிலறிவை இன்று பெரும்பாலும் கணிப்பொறித் திரையே அளக்கிறது. 2018-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி நடந்த இரயில்வே உதவி ஓட்டுநர் தேர்வை எடுத்துக்கொள்வோம். அதன் இரண்டாம் கட்டத்தில், தொழிற்பிரிவு பற்றிய பகுதியில் 75 வினாக்கள், 60 நிமிடங்கள், தகுதிபெற நூற்றுக்கு 35. ஒரு வினாவுக்கு 48 விநாடி. ஒரு குடும்பத்தின் எதிர்காலம் அந்த விநாடிகளுக்குள் அடங்குகிறது. ஆகவே, அந்த வினாவும் அதன் நான்கு விடைகளும் எவ்வாறு அமைந்துள்ளன என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

முகம் பாராத கருவி

இக்கருவியின் பிறப்பு அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1915-ஐ ஒட்டி கான்சாஸ் மாநிலத்தில் பிரெடரிக் கெல்லி என்னும் கல்வியாளர், ஆசிரியருக்கு ஆசிரியர் மதிப்பெண் மாறுபடும் குறையைப் போக்க, ஒரே விடையுள்ள படிப்புத் தேர்வு ஒன்றை அமைத்தார். முதல் உலகப்போரில் அந்நாட்டுப் படை 17 இலட்சத்துக்கும் மேற்பட்டோரை இவ்வகைத் தேர்வுகளால் சோதித்தது. 1938-இல் ஐ.பி.எம். நிறுவனம், பென்சில் குறியின் வழியே மின்னோட்டம் பாய்வதைக் கொண்டு மதிப்பெண் கணக்கிடும் எந்திரத்தை வெளியிட்டது. அதன்பின் இக்கருவி உலகெங்கும் பரவியது.

இதன் சிறப்பை நாம் குறைத்துக் கூறலாகாது. எந்திரம் முகம் பார்ப்பதில்லை, பெயரைக் கேட்பதில்லை, பரிந்துரைக் கடிதம் படிப்பதில்லை. மத்திய அரசு 2016 சனவரி முதல், கெஜட் பதிவு பெறாத ‘பி’ பிரிவுப் பணிகளுக்கும் ‘சி’ பிரிவுப் பணிகளுக்கும் நேர்முகத் தேர்வை நீக்கியது. சிபாரிசு தேடி அலையும் வழக்கத்தை அறிந்தவர்கள் அதனை வரவேற்றனர்.

ஆயினும், முகம் பாராமை நேர்மையின் ஒரு பாதியே. கள்ள மரக்காலும் முகம் பார்ப்பதில்லை. அது வருவோர் எல்லார்க்கும் குறைத்தே அளக்கிறது. அதனால் அது நல்ல மரக்கால் ஆகிவிடுமா? பாரபட்சம் இன்மை வேறு; சரியாக அளத்தல் வேறு. இரண்டும் கூடிய இடத்தில்தான் நேர்மை நிற்கிறது.

பொய் எழுதும் கடமை

வினா அமைப்பவரின் பணியைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோம். ஒவ்வொரு வினாவுக்கும் அவர் ஒரு மெய்யையும் மூன்று பொய்களையும் எழுதுகிறார். 75 வினாக்கள் கொண்ட தாளில் 225 பொய்கள். பொய் எழுதுவதையே கடமையாகக் கொண்ட பணி உலகில் வேறு உண்டோ? மெய்யான விடையை நூல் தருகிறது, அனுபவம் தருகிறது. பிழைவிடைகள் மட்டுமே வினா அமைப்பவரின் சொந்தப் படைப்பு. ஆதலின், அவருடைய நேர்மையை அவர் எழுதிய சரியான விடையில் தேடுவதில் பயனில்லை. தவறான விடைகளில்தான் தேட வேண்டும்.

எத்தகைய பிழைவிடை நேர்மையானது? நாம் கூறும் இலக்கணம் இது: திறமை இல்லாதவனை மட்டும் பிடித்து நிறுத்துவது நேர்மையான பிழைவிடை. திறமை உள்ளவனையும் பிடித்துவிட்டால் அது கண்ணி. திறமை இல்லாதவனையும் விட்டுவிட்டால் அது வெறும் அலங்காரம்.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். சுரங்கத்தில் மருந்திட்ட துளைகளுள் ஒன்று வெடிக்காமல் நின்றுவிடுகிறது. அந்த மருந்தை வெளியே இழுத்தெடுக்கக் கூடாது. அத்துளைக்கு இணையாக, 30 செ.மீ.க்குக் குறையாத தொலைவில் புதுத்துளை இட்டு அதனை வெடிக்கச் செய்ய வேண்டும் என்பது விதி. இதனை வினாவாக்கும் ஒருவர், தொலைவு எவ்வளவு என்று கேட்டு 20, 25, 30, 35 என நான்கு எண்களைத் தருகிறார் எனக் கொள்வோம். ஆண்டுக்கணக்கில் பாதுகாப்பாகப் பணிசெய்து, எப்போதும் எட்டியே துளையிட்ட ஒருவன் 35 என்று குறிக்கலாம். அவன் யாரையும் கொல்ல மாட்டான். ஆனால் மதிப்பெண் இழப்பான். முதல்நாள் இரவு எண்ணை மனப்பாடம் செய்தவன் 30 என்று குறிப்பான். வெடிக்காத துளைக்கு முன்னே நிற்கும்போது அவன் என்ன செய்வான் என்பதை அந்த வினா நமக்குக் கூறவில்லை.

மற்றொருவர் அதே செய்தியை வேறு வகையாகக் கேட்கிறார். துளை வெடிக்கவில்லை, காத்திருக்க வேண்டிய நேரம் கடந்தது, அடுத்துச் செய்வது யாது? மருந்தை மெல்ல இழுத்தெடுத்தல். அதே துளையை ஆழப்படுத்துதல். அதனை நோக்கிச் சாய்வாகப் புதுத்துளை இடுதல். தொலைவு விட்டு அதற்கு இணையாகப் புதுத்துளை இடுதல். இங்கே முதல் மூன்றும் அவசரக்காரனும் அறியாதவனும் உண்மையாகவே செய்யக்கூடிய பிழைகள். தொழில் தெரிந்தவன் அவற்றில் விழமாட்டான்; தெரியாதவன் விழுவான். இதுவே நேர்மையான பிழைவிடை.

ஆகவே, பிழைவிடைகளை நாற்காலியில் அமர்ந்து கற்பனையால் செய்தல் ஆகாது. பட்டறையிலிருந்தும், விபத்து அறிக்கையிலிருந்தும், புதிதாய் வருபவன் செய்யும் தவறுகளிலிருந்தும் அவற்றைத் திரட்ட வேண்டும். இருபது நூல் கற்றவரை விட, இருபது ஆண்டு பிட்டர் வேலை செய்தவர் சிறந்த பிழைவிடைகளைத் தருவார். வினாத்தாள் குழுவில் அவருக்கு ஓர் இடம் இருத்தல் வேண்டும்.

இங்கு மற்றொரு பொறுப்பும் உண்டு. அச்சில் படித்த பொய் மனத்தில் தங்கும் இயல்புடையது. கொள்குறித் தேர்வு எழுதியோர், தாம் குறித்த பிழைவிடையைப் பின்னர் உண்மை என நினைவுகொள்ளும் வாய்ப்பு உண்டு என்று ரோடிகர், மார்ஷ் என்னும் அமெரிக்க உளவியலார் 2005-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆபத்து நிறைந்த தொழிலில் இது சிறிய செய்தி அன்று. தேர்வு முடிந்ததும் சரியான விடையையும் அதன் காரணத்தையும் தெரிவிப்பது கடமையாகும். பொய்யை எழுதியவர் அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் வேண்டும் அன்றோ?

மொழி என்னும் கண்ணி

தொழில்திறனை அளக்கப் புகுந்த வினா, பலவேளைகளில் மொழித்திறனை அளந்துவிட்டுத் திரும்புகிறது. சுரங்க மணிக்குறிப்பையே காண்க. கூண்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மணி ஒலித்தால் ‘நிறுத்து’ என்பது பொருள். நின்றிருக்கும்போது ஒரு மணி ஒலித்தால் ‘மேலே ஏற்று’ என்பது பொருள். இப்போது, ‘ஒரு மணி ஒலியின் பொருள் யாது?’ என்று கேட்டு, ‘நிறுத்து’, ‘ஏற்று’ என்னும் இரண்டையும் விடைகளுள் வைத்தால் என்ன ஆகும்? தொழில் தெரிந்தவன் திகைப்பான். ஏனெனில் இரண்டும் சரி என்பதை அவன் அறிவான். அரைகுறையாக அறிந்தவனுக்குத் திகைப்பே இல்லை. வினாவில் ஒரு சொற்றொடர் குறைந்ததால், அறிவு தண்டனைக்கும் அறியாமை பரிசுக்கும் உரியவை ஆகின்றன.

மொழிபெயர்ப்பில் இக்குறை பெருகுகிறது. மைக்ரோமீட்டரால் நாள்தோறும் அளக்கும் பிட்டருக்கு ‘லீஸ்ட் கவுண்ட்’ 0.01 மில்லிமீட்டர் என்பது நன்கு தெரியும். ‘மீச்சிற்றளவு’ யாது என்று கேட்டால் அவன் விழிக்கக்கூடும். நாம் தமிழ்ப் பற்றில் யாருக்கும் குறைந்தவர் அல்லோம். நல்ல கலைச்சொற்கள் வகுப்பறையிலும் பட்டறையிலும் வேரூன்ற வேண்டும் என்பதே நம் விருப்பம். ஆனால், வேரூன்றச் செய்ய வேண்டிய இடம் வகுப்பறை. வேலை தேடுபவனின் தேர்வுத்தாள் அன்று. அங்கு இரு சொற்களையும் அருகருகே தருவதே முறை. ‘அல்லாதது எது?’, ‘பொருந்தாதது எது?’ என்னும் எதிர்மறை வினாக்களும் இவ்வாறே. 48 விநாடியில் ‘அல்லாதது’ என்னும் ஒரு சொல்லைக் கண் தவறவிட்டால், அது வாசிப்பின் பிழையே. தொழிலின் பிழை அன்று.

இவ்வுண்மை முன்பே உணரப்பட்டது. முதல் உலகப்போர்க் காலத்து அமெரிக்கப் படை, ஆங்கிலம் படிக்க இயலாதவர்க்கெனப் படங்களால் அமைந்த தனித்தேர்வு ஒன்றை வைத்தது. அதனையும் பிற்காலத்தார் பலவாறு குறை கூறினர். எனினும் மொழி ஒரு தடையாகலாம் என்னும் எண்ணம் அங்கு இருந்தது. நம் நாட்டில் மத்தியப் பணியாளர் தேர்வு ஆணையம் 2023-இல் சில தேர்வுகளைத் தமிழ், கன்னடம் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் நடத்த முற்பட்டது நற்செயல். ஆனால், ஐயம் எழுந்தால் ஆங்கில வினாவே முடிவானது என்னும் விதி பல அறிவிக்கைகளில் காணப்படுகிறது. மொழிபெயர்த்தவர் செய்த பிழைக்குத் தமிழில் படித்தவனும் கன்னடத்தில் படித்தவனும் தண்டம் செலுத்துவது எவ்வகையில் நீதி?

குருட்டு வாய்ப்பு

நான்கு விடைகளுள் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும், நான்கில் ஒரு பங்கு வெற்றி கிட்டும். பத்து வினாக்கள் உள்ள தாளில் நான்கு சரியானால் தேர்ச்சி என்று வைப்போம். ஒன்றுமே அறியாதோர் நூறு பேர் எழுதினால், அவர்களுள் ஏறக்குறைய 22 பேர் தேறிவிடுவர். அதே விகிதத்தில், 40 வினாக்களுள் 16 சரியாக வேண்டும் என்றால், நூற்றுக்கு மூவருக்கும் குறைவானவரே தேறுவர். வினாக்கள் பெருகப் பெருகக் குருட்டு வாய்ப்பின் ஆட்சி சுருங்குகிறது. சிறிய தாளால் பெரிய முடிவு எடுத்தல் தகாது என்பது இதனால் பெறப்படும்.

தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறைப்பது மற்றொரு வழி. கணக்கின்படி, கண்மூடிக் குறிப்பவனின் வரவும் செலவும் இதனால் சமமாகும். ஆனால், இம்முறை துணிவையும் சேர்த்து அளக்கிறது. பாதி அறிந்தும் அஞ்சி விட்டுவிடுபவன் இழக்கிறான். பாதி அறிந்து துணிபவன் பெறுகிறான். துணிவு எல்லாத் தொழிலுக்கும் நற்குணம் அன்று. கூண்டை இயக்குபவனிடம் நாம் வேண்டுவது அச்சம் கலந்த கவனமே. மேலும், விடைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் மட்டும் பயன் பெருகாது. 80 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய மைக்கேல் ரோட்ரிகஸ் என்பவர், பெரும்பாலான வினாக்களுக்கு மூன்று விடைகளே போதும் என்று 2005-இல் எழுதினார். யாரும் நம்பாத நான்காம் பொய்யை விட, நன்கு அமைந்த இரண்டு பொய்கள் மேலானவை.

வாய்ப்பு என்பது தன்னளவில் அநீதி அன்று. கி.பி. 921-ஆம் ஆண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறையை நினைவு கூர்வோம். வாரியத்துக்கு உரியோரின் வயது, நிலம், கல்வி, ஒழுக்கம் ஆகியவற்றை முதலில் வரையறுத்தனர். கணக்குக் காட்டாதவரை விலக்கினர். அதன்பின் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, அவையோர் முன்னிலையில் ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அன்றைய தகுதி விதிகள் அனைத்தும் இன்று நமக்கு உடன்பாடானவை அல்ல. ஆனால் ஒன்றை அவர்கள் தெளிவாகச் செய்தனர்: எது தகுதி, எது வாய்ப்பு என்பதைப் பிரித்துக் காட்டினர். குடத்திலிருந்து வந்த ஓலையைத் திறமைக்குச் சான்று என்று யாரும் கூறவில்லை. நம் தேர்வுகளிலோ, வாய்ப்பு மதிப்பெண்ணுக்குள் ஒளிந்திருந்து திறமை என்னும் பெயரில் வெளிவருகிறது. ஒளிவே அங்கு அநீதி.

ஐயத்தின் பயன் யாருக்கு?

விடைக்குறிப்பே தவறாக இருந்தால்? 1983-இல் கான்பூர்ப் பல்கலைக்கழக வழக்கில் இவ்வினா உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. மருத்துவப் படிப்புக்கான கொள்குறித் தேர்வு பற்றிய வழக்கு அது. விடைக்குறிப்பு சரியானது என்றே முதலில் கொள்ள வேண்டும். அது தவறு என்பது தெளிவாக மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று நீதிமன்றம் கருதியது. அதே வேளையில், பாடநூல்கள் ஒன்று கூற, குறிப்பு மற்றொன்று கூறினால், நூலின்படி விடையளித்த மாணவரைத் தண்டிப்பது நியாயம் அன்று என்றும் கூறியது. பொருள் மயங்கும் வினாக்களைத் தவிர்க்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. பின்னர் 2017-இல், உத்தரப் பிரதேச ஆசிரியர் தேர்வு பற்றிய வழக்கில், ஐயம் எழுந்தால் அதன் பயன் தேர்வு நடத்தும் அமைப்புக்கே சேர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் கூறியது. இலட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வு ஆண்டுக்கணக்கில் முடிவின்றி நிற்றல் ஆகாது என்பது அதன் கவலை. அக்கவலையை நாம் மறுக்கவில்லை.

ஆனால், சட்டம் நிற்கும் இடம் வேறு. மனச்சான்று நிற்கும் இடம் வேறு. ஐயத்தின் பயனைச் சட்டம் வினா அமைப்பவருக்குத் தருகிறது. தந்ததனாலேயே அவருடைய அறப்பொறுப்பு இரட்டிப்பாகிறது. தன்னை எதிர்த்து வழக்காட இயலாதவனிடம் நடந்துகொள்ளும் முறையே ஒருவனுடைய நேர்மைக்கு உரைகல். இன்று பல தேர்வுகளில் விடைக்குறிப்பை வெளியிட்டு மறுப்புகளைக் கேட்கின்றனர். இது நல்ல வளர்ச்சி. மறுப்புக்குக் கட்டணம் வாங்குவதும் பலவிடத்து வழக்கம். வீண் மறுப்புகளைத் தடுக்க அது உதவலாம். எனினும், அமைத்தவரின் பிழையைக் காட்ட எழுதியவன் முன்பணம் கட்டுவது என்பது சிந்திக்கத்தக்கது.

வினாவுக்கும் ஒரு தேர்வு

தேர்வு எழுதியவரை அளக்கும் முன் வினாவையே அளத்தல் வேண்டும். அதற்கு எளிய வழி உண்டு. மொத்த மதிப்பெண்ணில் மேலே நின்ற நூற்றுக்கு 27 பேரையும், கீழே நின்ற நூற்றுக்கு 27 பேரையும் பிரித்தெடுக்க வேண்டும். ஒரு வினாவுக்கு மேலோர் பெரும்பாலும் சரியாகவும் கீழோர் பெரும்பாலும் தவறாகவும் விடையளித்திருந்தால், அவ்வினா தன் பணியைச் செய்தது. இரு சாராரும் ஒரே அளவில் விடையளித்திருந்தால் அது வீண். மேலோர் தவறி, கீழோர் வென்றிருந்தால், குற்றவாளி வினாவே. அதனை மதிப்பீட்டிலிருந்து நீக்குவதே முறை. யாரும் குறிக்காத பிழைவிடையையும் இதே கணக்கு காட்டிக்கொடுக்கும்.

தேர்ச்சி மதிப்பெண்ணையும் இவ்வாறே ஆராய வேண்டும். நூற்றுக்கு 35 என்பது எதனைக் குறிக்கிறது? உலோகங்களின் பெயர்களை அறிந்து பெற்ற ஐந்து மதிப்பெண், வெடிக்காத துளையை இழுத்தெடுக்கலாம் என்று குறித்த ஒரு தவறை ஈடுசெய்யுமா? கணக்கில் ஈடுசெய்யும், சுரங்கத்தில் ஈடுசெய்யாது. உயிரைப் பற்றிய வினாக்களைத் தனியே பிரித்து, அவை ஒவ்வொன்றிலும் தேர்ச்சி வேண்டும் என்று வைப்பதே அறத்தோடு பொருந்துவது.

காதும் கையும்

இத்தனையும் செம்மையாகச் செய்த பின்னும் ஓர் எல்லை எஞ்சுகிறது. கூரைப் பாறை எவ்வாறு ஒலித்தால் ஆபத்து என்று கேட்கலாம். நான்கு விடைகளும் தரலாம். சரியான விடையைக் குறித்தவனின் காது அந்த ஒலியைப் பிரித்தறியுமா என்பதை எந்தத் தாளும் காட்டாது. ஜார்ஜ் மில்லர் என்னும் மருத்துவக் கல்வியாளர் 1990-இல் திறமையை நான்கு படிகளாகப் பிரித்தார்: அறிதல், செய்யும் முறையை அறிதல், செய்து காட்டல், நாள்தோறும் செய்தல். கொள்குறி வினா முதல் இரு படிகளை அளக்கும். மூன்றாம் படியைத் தொடாது. மரக்காலால் துணியை அளக்க முடியாதது மரக்காலின் குற்றம் அன்று; அளக்க முற்படுபவரின் குற்றம்.

நேர்முகத் தேர்வை நீக்கிய மத்திய அரசு, செயல்திறன் தேர்வை நீக்கவில்லை. அந்தப் பகுப்பு அறிவுடையது. முகத்தைப் பார்க்கும் சோதனை போகலாம். கையைப் பார்க்கும் சோதனை இருக்க வேண்டும். 2001-க்குப் பின் வேலையிழந்த எத்தனையோ பேரிடம் கையில் திறமை இருந்தது. காகிதத்தில் சான்று இல்லை. 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி திறன் வளர்ச்சித் திட்டத்தில், முன்பே கற்ற தொழிலுக்குச் சான்று வழங்கும் பிரிவும் இடம்பெற்றது. எண்ணம் உயர்ந்தது. ஆனால் அத்தகையோரின் கையைப் பாராமல் திரைமுன் மட்டும் அமர்த்தினால், அவர்கள் இரண்டாம் முறையும் இழப்பவர் ஆவர்.

இவ்வளவும் செய்யக் காலமும் பணமும் ஏது என்று சிலர் வினவலாம். இலட்சம் பேருக்குச் செயல்முறைத் தேர்வு நடத்தல் எளிதன்று என்பதை நாமும் அறிவோம். முதலில் நேர்மையான தாளால் சலித்து, பின்னர் எஞ்சிய சிலரின் கையைப் பார்த்தல் இயலாத செயல் அன்று. செலவைக் கணக்கிடுவோர் இழப்பையும் கணக்கிடட்டும். திறமையுள்ளவனை ஒரு கண்ணி வினா விலக்கினால், இழப்பவன் நம் கண்ணுக்குத் தெரிகிறான். அவன் முறையிடவும் செய்வான். திறமையற்றவனை ஓர் அலங்கார வினா தேர்ச்சி பெறச் செய்தால், இழப்பவன் யார்? அந்தக் கூண்டில் ஏறுபவன். அந்த மின்கம்பியைத் தொடுபவன். அந்த இரயிலில் உறங்கிச் செல்லும் பயணி. அவர்கள் தேர்வு எழுதவில்லை, விடைத்தாளைப் பார்க்கவில்லை, மறுப்புத் தெரிவிக்கும் வாய்ப்பும் அவர்களுக்கு இல்லை. அவர்களுக்காகப் பேச வேண்டியவர் வினா அமைப்பவர் ஒருவரே.

நம் ஊரிலும் அண்டை ஊர்களிலும் தொழிற்பயிற்சி ஆசிரியராகவும் தேர்வுக் குழுவினராகவும் பணிபுரிவோர் பலர் உளர். அவர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த வினாத்தாளை எழுதி முடித்ததும், சரியான விடைகளை ஒருபுறம் மூடிவைத்துவிட்டு, நீங்கள் எழுதிய தவறான விடைகளை மட்டும் ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள். இது யாரைப் பிடிக்கும், எதற்காகப் பிடிக்கும் என்று கேளுங்கள். தொழில் தெரியாதவனைத்தான் பிடிக்கும் என்று மனமறியக் கூற இயலுமானால் அதனை வைத்திருங்கள். இயலாவிட்டால் அடித்துவிட்டு வேறொன்று எழுதுங்கள்.